எட்டில் இரண்டு தேயவில்லை

என் அத்தான் பல்செட் செய்கிறவர். எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் சிரிப்பது அவர் தயவில்தான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண். முதல் தடவை வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அதற்கு ஒரு திரை போட்டாள். வெளிச்சத்தை மறைக்கிறது என்று அவர் மறுநாளே கழற்றிவிட்டார்.

கை நேர்த்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்வார். "என் கையை விட்டுப் போன சாமான் திரும்பி வந்ததில்ல" என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அது பெரும்பாலும் உண்மை என்பதுதான் எங்களுக்கு எரிச்சல்.

நான் அக்காவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். வாடகை வாங்க மாட்டார்கள், அதற்குப் பதிலாக அத்தான் பேச்சைக் கேட்க வேண்டும். வாடகையே கொடுத்திருக்கலாம்.

அவருக்கு ஒரு பழைய சின்னக் கார் உண்டு. நாலு பேர் ஏறினால் யாராவது ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். அந்தக் காரால்தான் அவருக்கும் போல்ட்டுவுக்கும் பேச்சு நின்றது. போல்ட்டு என்பது பட்டப்பெயர். சின்ன வயதில் ஒரு போல்ட்டை விழுங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே போல்ட்டைக் கழுவி சைக்கிளில் மாட்டினாராம். அத்தானும் அவரும் ஒரே பெஞ்சு. வளர்ந்ததும் ஒருவர் வாய்க்குள் கை வைத்தார், மற்றவர் இன்ஜினுக்குள் கை வைத்தார். இருபத்தைந்து வருஷம் அந்தக் காரைப் போல்ட்டு தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

மூன்று வருஷம் முன்னால் காரின் கேம்ஷாஃப்ட் தேய்ந்து போனது. அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த இரும்புத் தண்டு. அதன் மேல் முட்டை வடிவத்தில் எட்டு மேடுகள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு மேடும் தன் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன இரும்புக் குவளையைத் தூக்கித் தூக்கி இறக்கும். அந்தக் குவளைக்கு டாப்பெட் என்று பெயர். டாப்பெட் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி வால்வைத் திறக்கும். இன்ஜின் மூச்சு விடுவது இப்படித்தான். மேடு தேய்ந்தால் வால்வு முழுசாகத் திறக்காது, வண்டிக்கு மூச்சு முட்டும். ஓடி ஓடி வயதாகித் தேய்ந்தது, யார் மேலும் குற்றமில்லை. போல்ட்டு புது கேம்ஷாஃப்டும் எட்டுப் புது டாப்பெட்டும் போட்டுக் கொடுத்தார்.

பதினோரு மாதம்தான் ஓடியது. மேட்டில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றது. திறந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது, கேம் மறுபடியும் போய்விட்டது. அத்தான் நேராகப் போல்ட்டு பட்டறைக்குப் போய், பத்துப் பேர் முன்னால், "மட்டமான சாமானைப் போட்டு ஏமாத்திட்டே" என்றார். போல்ட்டு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே அத்தான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? பல் அளவு எடுக்க வருகிறவர்கள் வாய் நிறைய மெழுகோடு உட்கார்ந்திருப்பார்கள். பதில் பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது. அவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். அவர்கள் புதுப் பல்லோடு வீட்டுக்குப் போய், அந்தப் பல்லாலேயே நாலு பேரிடம் சொன்னார்கள். நாக்குக்கு நரம்பில்லை என்பார்கள், எங்கள் ஊரில் நாக்குக்கு நரம்பும் இல்லை, பல்லும் இல்லை. இரண்டே வருஷத்தில் போல்ட்டுவின் பட்டறை மூடிப்போனது. அவர் டயர் கடையில் மாதச் சம்பளத்துக்குப் போனார். கார் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்குள் முடங்கியது.

இந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை தபாலில் ஒரு படிவம் வந்தது. தொழிற்பயிற்சிப் பள்ளியில் இன்ஜின் வேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பணிக்குப் போல்ட்டு விண்ணப்பித்திருக்கிறார். முழுதாகப் பிரித்து வேலை செய்த வண்டி ஒன்றின் சொந்தக்காரரிடம் கருத்துக் கேட்பது அவர்கள் வழக்கம். யாரிடம் கேட்க வேண்டும் என்று போல்ட்டு எழுதிக் கொடுத்திருந்த பெயர், என் அத்தானுடையது. கேள்விகள் இரண்டே இரண்டு. இவர் செய்த வேலை நிலைத்ததா? இவர் வேலையில் நீங்கள் கண்ட குறை என்ன? திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியா" என்றார் அத்தான்.

"நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடுங்களேன். அந்த மனுஷன் பொழைச்சுப் போகட்டும்" என்றாள் அக்கா.

"பொய் எழுதச் சொல்றியா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "உண்மையை எழுதணும்னா மொதல்ல அது என்னன்னு தெரியணும் இல்ல அத்தான்? நீங்க இன்னும் இன்ஜினைத் திறந்தே பாக்கலையே" என்றேன். அவர் என்னை முறைத்தார். புது கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் ஆறு மாதமாகப் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தன. தானே மாற்றுவதாகச் சொல்லிச் சொல்லி நாள் போயிருந்தது. "சரி, திறப்போம். ஆதாரத்தோடயே எழுதுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு இன்ஜினை வெளியே எடுத்து, பழைய சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்கள். சனிக்கிழமை காலையில் அவரும் நானும் மட்டும்தான். போல்ட்டு பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் பார்த்ததில் அவருக்கு வேலை தெரிந்திருந்தது. மேல் மூடி, கம்பிகள், முன்பக்கச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்தார். பிறகு இன்ஜினைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னார்.

"எதுக்கு?"

"நேரா வெச்சு உருவினா டாப்பெட் எட்டும் தண்டு மேல உக்காந்துட்டு வழி விடாது. கவுத்துட்டா எல்லாம் அதது குழிக்குள்ள பின்னால போயிடும்."

எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு கனமான சாமானிடம் வேலை வாங்க அதைக் கவிழ்த்துப் போட்டால் போதும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அத்தான் கேம்ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி மெதுவாக உருவினார். டாப்பெட்டுகளை ஒன்று முதல் எட்டு வரை எண் போட்ட பல்செட் பெட்டிகளில் வரிசை மாறாமல் வைத்தார்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து வெர்னியர் கொண்டுவந்திருந்தேன். மேடுகளை ஒவ்வொன்றாக அளந்து சொல்ல, அவர் எழுதினார். ஒன்றாவது மேடு மழுங்கி உருண்டையாகிவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை அளந்தேன், நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.

"அத்தான், இது தேயவே இல்லையே."

"ஒழுங்கா அளந்தியா?"

"வெர்னியர் பிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

எட்டாவதும் தேயவில்லை. மீதி ஆறும் பாழ். எனக்கு உள்ளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. கெட்டுப்போன ஆறைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேசியாயிற்று. நன்றாக இருந்த இரண்டு என்னைச் சாப்பிடக்கூட விடவில்லை.

"மட்டமான இரும்புன்னு சொன்னீங்க. ஒரே தண்டு, ஒரே இரும்பு. எட்டும்தானே தேஞ்சிருக்கணும்?"

"எண்ணெய் சரியாப் போயிருக்காது."

"மூணுக்குப் போயிருக்கு, ரெண்டுக்கும் நாலுக்கும் போகலையா? நடுவுல உக்காந்து அது மட்டும் குடிச்சுதா?"

அவர் யோசித்தார். மூன்றாவது காற்றை உள்ளே விடும் வால்வு, எட்டாவது புகையை வெளியே விடும் வால்வு. ஆக அதிலும் ஒற்றுமை இல்லை. கேமைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டாப்பெட்டுகளை எடுத்தோம். அவர் பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அடிப்பக்கங்களைப் பார்த்தேன். ஆறு டாப்பெட்டின் அடியில் ஒரே இடத்தில் நீளமாக ஒரு பள்ளம், வாசற்படி தேய்ந்த மாதிரி. மூன்றிலும் எட்டிலும் பள்ளமே இல்லை, மெல்லிய வட்டக் கோடுகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன.

"இது ரெண்டும் சுத்தியிருக்கு அத்தான். ஓடும்போதே பம்பரம் மாதிரி சுத்தி, தினம் ஒரு புது இடத்துல அடி வாங்கியிருக்கு. அந்த ஆறும் நின்ன இடத்துலயே நின்னு வாங்கியிருக்கு."

"எதுக்குச் சுத்தணும்?"

"அது தெரியல. ஆனா சுத்தினது பொழைச்சிருக்கு."

அப்போதுதான் பக்கவாட்டுகளைக் கவனித்தேன். ஆறு டாப்பெட்டும் கண்ணாடிபோல முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தன. மற்ற இரண்டும் மங்கிய கறுப்பு. "இது ரெண்டு மட்டும் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அத்தான் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். அதை எடுத்து மறுபடி வைத்தார்.

"பெல்ட்டு அறுந்துபோச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு மென்று மென்று விழுங்கிச் சொன்னார். போல்ட்டு கடையில் சொல்லி வரவழைத்த அந்தப் புது டாப்பெட்டுகள் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தாராம். எட்டும் அடுப்புக்கரி மாதிரி மங்கலாக இருந்தன. இப்படி ஒரு சாமானை அவர் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பினால் தூக்கம் வருமா? போல்ட்டுவிடம் கொடுப்பதற்கு முன்னால், பல்செட்டுக்கு மெருகு போடும் துணிச் சக்கரத்தில் வைத்து ஒவ்வொன்றாக, அடியும் பக்கமும் பளபளப்பாக்கினார். சனி ஞாயிறு இரண்டு நாளும் அதே வேலை. ஆறு முடிந்தபோது சக்கரத்தின் பெல்ட்டு அறுந்துவிட்டது. திங்கட்கிழமை போல்ட்டு கேட்டார், எட்டையும் கொடுத்துவிட்டார்.

"வழவழன்னு இருந்தா தேய்மானம் குறையும்னுதான். பல்லுக்கு அதானே செய்றோம்" என்றார். குரல் தேய்ந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெருகுக்கும் சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. என் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை மூன்றாவது டாப்பெட்டின் அடியில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். தட்டை என்று நினைத்த முகம் தட்டையாக இல்லை. நடுவில் துளி உப்பியிருந்தது. இரண்டு ஓரத்திலும் முடி மாதிரி வெளிச்சம் வந்தது. பரணிலிருந்த புதுசை எடுத்துப் பார்த்தோம், அதிலும் அதே வெளிச்சம். கேமின் மேட்டிலும் துளி சாய்வு இருந்தது. அந்தச் சாய்வும் இந்த உப்பலும் சேர்ந்து, மேடு டாப்பெட்டை நடுவில் இடிக்காமல் கொஞ்சம் தள்ளி இடிக்கிறது. தள்ளி இடிபட்டால் எதுவும் சுற்றும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பல்தான் எல்லாம்.

"மெருகுல அது போயிருக்குமா?" என்று அவரே கேட்டார்.

"செஞ்சு பாத்துடலாமே."

பட்டறைக்குள் போனோம். அவர் மூன்றாவது டாப்பெட்டைத் துணிச் சக்கரத்தில் வைத்தார். அடியை மட்டும்தான், முக்கால் மணி நேரம். அந்தக் கை அவ்வளவு அழகாக வேலை செய்தது, அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. துடைத்துவிட்டு ஸ்கேலை வைத்து ஜன்னலில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். என்னிடம் நீட்டினார்.

"ஓரத்துல வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல அத்தான்."

அவர் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட வந்தவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு விஷயம் கேட்டாள். நான்தான் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அவர் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்திருந்துவிட்டு, "சாப்பிட்டுட்டு யோசிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. அத்தான் படிவத்தையும், ஒரு பல்செட் பெட்டியில் போட்ட அந்த ஆறு டாப்பெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போல்ட்டு வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூப்பிட்டார். பயம் என்று அவர் சொல்லவில்லை, "நீ விவரமாச் சொல்லுவே" என்றார். வழியெல்லாம் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை.

போல்ட்டு பனியனோடு வந்து கதவைத் திறந்தார். அத்தானைப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஆறுதானே போயிருக்கு?" என்றார்.

நான்தான் கேட்டேன், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு பளபளப்பு, ரெண்டு கறுப்பு. நான்தானேம்மா மாட்டினேன்."

"தெரிஞ்சே மாட்டினியாடா?" என்றார் அத்தான்.

போல்ட்டு எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். மேஜை மேல் பழைய வேலைப் புத்தகங்கள் இருந்தன, பாடம் நடத்தத் தயார் செய்திருப்பார் போல. "மெருகு போட்ட டாப்பெட்டு ஆகாதுன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எடுத்துக் கடாசிட்டு வேற வாங்குடான்னு சொல்லியிருக்கணும். நீ அந்தப் பெட்டியைக் கையில வெச்சுட்டு வந்து நின்னே பாரு. பரிசு குடுக்க வந்தவன் மாதிரி நின்னே. உன் மூஞ்சியைப் பாத்தேன், சொல்ல வாய் வரல. எப்படியும் ரெண்டு வருஷம் ஓடும், அப்புறம் சத்தமில்லாம நானே மாத்திடலாம்னு நெனச்சேன். அது பதினோரு மாசத்துலயே போயிடுச்சு."

"நான் ஊரெல்லாம் சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமேடா."

"அப்ப சொன்னா தப்பிக்கப் பாக்கறான்னு அதையும் ஊரெல்லாம் சொல்லியிருப்பே."

அது உண்மை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "படிவத்துல என் பேரை எதுக்குப் போட்டே?" என்று கேட்டார்.

"நான் முழுசாப் பிரிச்சு மாட்டினதுல மனசை உறுத்துற வேலை அது ஒண்ணுதான். அதை மறைச்சுட்டு, நல்ல வேலை நாலைக் காட்டி வாத்தியாரா ஆகப் பிடிக்கல."

அத்தான் பேனாவை எடுத்தார். வேலை நிலைத்ததா என்ற கேள்விக்கு, 'இல்லை. அதற்குக் காரணம் நான்' என்று எழுதி, டாப்பெட் கதை முழுவதையும் கீழே எழுதினார். குறை என்ன என்ற கேள்விக்கு வெகுநேரம் யோசித்தார். 'என் மனம் நோகக் கூடாது என்று பார்த்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போல்ட்டு அதை வாங்கிப் படித்தார். பேனாவையும் வாங்கி, அதன் கீழே, 'தவறான பாகம் என்று தெரிந்தே மாட்டினேன்' என்று ஒரு வரி சேர்த்துத் தானும் கையெழுத்துப் போட்டார். இதை எழுதினால் வேலை கிடைக்காது என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை.

அந்த வாரம் அத்தானிடம் அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு புதுக் கதையைக் கேட்டார்கள். பழைய கதையைப் போலச் சுவையாக இல்லை என்று அக்காவிடம் ஒரு கிழவர் குறைபட்டுக்கொண்டாராம்.

அடுத்த சனிக்கிழமை போல்ட்டு வந்தார். மேஜை மேல் இன்ஜின் கவிழ்ந்து கிடந்தது. புதுக் கேமும், பிரிக்காத டாப்பெட் பெட்டியும் பக்கத்தில் இருந்தன. அத்தான் மூன்றடி தள்ளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "ஒவ்வொண்ணா எடுத்துக் குடுடா" என்று போல்ட்டு கேட்டதற்கு, "நான் தொடல, நீயே எடுத்துக்கோ" என்றார். போல்ட்டு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அத்தான் எடுத்துக் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் அத்தான் கறுத்த டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய் தடவி, பச்சைக் குழந்தையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் இன்ஜின் காருக்குள் ஏறியது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிஷம் வேகத்தைக் குறைக்காமல் ஓடவிட வேண்டுமாம். அந்த நேரத்தில்தான் மேடும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகுமாம். போல்ட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் இல்லை, திக்கல் இல்லை. இருபது நிமிஷம் முடிந்து அணைத்ததும் வீடே அமைதியானது.

அத்தான் அப்போதுதான் கேட்டார். "பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாங்க?"

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. முந்தாநாள் கடிதம் வந்துச்சு."

"நான் எழுதினதாலயா?"

"நானும்தானே எழுதினேன்" என்றார் போல்ட்டு, காரிலிருந்து இறங்கியபடி.

அத்தானுக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்திலும் சாவிலும் கலங்காத மனிதர் அந்தக் காரின் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போல்ட்டு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"தொடைச்சுக்கோடா. உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துத்தான் இவ்வளவும் ஆச்சு."